கீட்டோன்கள்: மூளையின் மாற்று எரிபொருள்

உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வின்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. வழக்கமான உணவில் அதற்குக் குளுக்கோஸே எரிபொருள். நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம். சோறு, இட்லி, சர்க்கரையை வெகுவாகக் குறைத்தால், கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேர்ந்துள்ள குளுக்கோஸ் இருப்பு ஓரிரு நாளில் பெருமளவு கரைந்துவிடும். உடலில் கொழுப்பு ஏராளமாக இருந்தாலும் கொழுப்பு அமிலங்களை மூளை நேரடியாக எரிப்பது மிகக் குறைவு.

இந்த இக்கட்டைத் தீர்ப்பது கல்லீரல். அது கொழுப்பு அமிலங்களை உடைத்து அசிட்டோஅசிட்டேட், பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்னும் கீட்டோன்களை ஆக்குகிறது. நீரில் கரையும் இச்சிறு மூலக்கூறுகள், கடத்திப் புரதங்களின் துணையோடு இரத்த-மூளைத் தடுப்பைக் கடக்கின்றன. வியப்பு என்னவென்றால், இவற்றை ஆக்கும் கல்லீரலால் இவற்றை எரிக்க இயலாது; அதற்கான நொதி அதனிடம் இல்லை. அசிட்டோஅசிட்டேட்டில் ஒரு பகுதி அசிட்டோனாக மாறி மூச்சில் வெளியேறும். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை அப்போது வாயில் வீசுவது இதனால்தான்.

1967இல் ஓவன், கேஹில் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், பல வாரம் உண்ணாதிருந்தவர்களின் மூளை தன் ஆற்றலில் பாதிக்கு மேல் கீட்டோன்களிலிருந்தே பெற்றதைக் காட்டினர். மாவுச்சத்து குறைந்த உணவில் இப்பங்கு அதைவிடக் குறைவு. எஞ்சிய தேவைக்கான குளுக்கோஸை லாக்டேட், கிளிசரால், அமினோ அமிலங்களிலிருந்து உடலே செய்துகொள்கிறது. ஆகவே, மாவுச்சத்து இல்லையேல் மூளை பட்டினி கிடக்கும் என்பது சரியன்று. ஆனால் இன்சுலின் போதாத நீரிழிவில் கீட்டோன்கள் அளவுமீறிப் பெருகி இரத்தத்தை அமிலமாக்கும். அது உயிருக்கே ஆபத்து.