காட்டன், எலிசபெத்

அமெரிக்க நாட்டார் இசைப் பாடகியும் பாடலாசிரியையும் கிதார் வித்தகியுமான எலிசபெத் காட்டன், வட கரோலினா மாநிலத்தில் சாப்பல் ஹில்லை அடுத்த கார்போரோவில் நெவில்ஸ் என்னும் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1893 என்பதே பெருவழக்கு. 1895 என்று குறிக்கும் நூல்களும் உண்டு.

தமையன் வீட்டில் இல்லாத வேளைகளில் அவருடைய பாஞ்சோவை ரகசியமாக எடுத்து வாசித்துப் பழகிய இச்சிறுமி, பின்னர் பிறர் வீடுகளில் வேலை செய்து சேர்த்த சொற்பக் காசைக் கொண்டு ஸ்டெல்லா கிதார் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். விலை 3 டாலர் 75 சென்ட் என்பர். இடக்கைப் பழக்கமுள்ள அவர், வலக்கையாளருக்கென்று தந்தி பூட்டிய வாத்தியத்தை அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தமையால், மந்தர ஸ்தாயித் தந்திகள் கீழ்ப்புறமாக அமைந்து, பிறர் கட்டைவிரலால் மீட்டும் அத்தந்திகளை அவர் விரல்களால் மீட்டவும், மெட்டைக் கட்டைவிரலால் எடுக்கவும் நேர்ந்தது. குருவின்றி வாய்த்த இம்முறையே பிற்காலத்தில் ‘காட்டன் பாணி’ எனப் பிரசித்தி பெற்றது. வீட்டருகே ஓடிய ரயிலை நினைந்து அவர் இயற்றிய ‘ஃபிரெயிட் டிரெயின்’ (சரக்கு ரயில்) என்னும் பாடல் பதினொன்று அல்லது பன்னிரண்டாம் வயதில் பிறந்ததாகக் கூறப்படுகிறது.

இளம் வயதிலேயே ஃபிராங்க் காட்டன் என்பவரை மணந்து ஒரு பெண் மகவுக்குத் தாயானார். உலகியல் பாட்டு பக்திக்கு ஒவ்வாது என்று திருச்சபையார் எடுத்துரைக்கவே கிதாரைக் கைவிட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வீட்டு வேலையால் ஜீவனம் நடத்தினார்.

1940-களின் பிற்பகுதியில் வாஷிங்டன் நகரத்துப் பல்பொருள் அங்காடி ஒன்றில் பணிபுரிகையில், கூட்டத்தில் வழி தவறிய ஒரு சிறுமியைக் கண்டு தாயிடம் ஒப்படைத்தார். அச்சிறுமியே பின்னாளில் பாடகியாகப் புகழெய்திய பெகி சீகர். தாய், இசையமைப்பாளரும் நாட்டார் பாடல்களைத் தொகுத்தவருமான ரூத் கிராஃபோர்டு சீகர். அறிமுகம் வேலையாக முதிர்ந்து, சனிக்கிழமைகளில் சமையலுக்கும் துணி தேய்ப்பதற்கும் வந்துகொண்டிருந்த அவருக்கு அவ்வீட்டுக் குழந்தைகள் ‘லிபா’ என்று செல்லப்பெயரும் சூட்டினர். சுவரில் தொங்கிய கிதாரை ஒருநாள் அவர் இறக்கி வாசிக்க, தேசத்தின் மூலைமுடுக்குகளிலெல்லாம் நாட்டுப் பாடல்களைத் தேடித் திரட்டிய அக்குடும்பம், அரியதொரு கருவூலம் தம் அடுக்களையிலேயே இருந்ததை அப்போதுதான் அறிந்தது. பெகியின் தமையன் மைக் சீகர், அம்மையார் இல்லத்திலேயே ஒலிநாடாவில் பதிவு செய்த பாடல்களை ஃபோக்வேஸ் நிறுவனம் 1958-இல் இசைத்தட்டாக வெளியிட்டது.

இதற்குள் ‘ஃபிரெயிட் டிரெயின்’ பெகியின் வாய்வழி இங்கிலாந்தை அடைந்து, 1957-இல் சாஸ் மெக்டெவிட் குழுவினரும் நான்சி விஸ்கியும் பாடிய இசைத்தட்டாக அங்கே பெருவெற்றி கண்டிருந்தது. ஆயினும் அதில் இயற்றியவர்களாகப் பொறிக்கப்பட்ட பெயர்கள் வேறு. வழக்குக்குப்பின் அம்மையாரின் பெயரும் சேர்க்கப்பட்டது. அவருக்குக் கிட்டிய பங்கு மூன்றில் ஒன்று என்பர் சிலர். இதில் ஒருமித்த கருத்து இல்லை.

1960 வாக்கில் மைக் சீகருடன் முதன்முதலாகக் கச்சேரி மேடை ஏறியபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. அதன் பின்னரும் வீட்டு வேலையை அவர் உடனே விட்டுவிடவில்லை. 1964-இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாடினார். 1967-இல் வெளிவந்த ‘ஷேக் சுகாரி’ தொகுப்பின் தலைப்புப் பாடலைப் பாடியவர் அவருடைய பன்னிரண்டு வயதுக் கொள்ளுப்பேத்தி. அதன் அடிகள் கொள்ளுப்பேரக் குழந்தைகளோடு கூடிப் புனைந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

1984-இல் தேசியப் பாரம்பரிய விருதையும், மறு ஆண்டு கச்சேரித் தொகுப்பொன்றுக்காகக் கிராமி விருதையும் பெற்றார். சிரக்யூஸ் நகரில் 1987 ஜூன் 29 அன்று காலமானார். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் 2022-இல் அவரை முன்னோடிகளுள் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது.