போன் விலை ஏன் ஏறுது? சின்ன வெங்காயத்துக்கும் மெமரி சிப்புக்கும் ஒரே கணக்கு!

திருச்சி, பெரம்பலூர் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். சின்ன வெங்காயம் விலை ஏறினா, அடுத்த பட்டத்துல பலரும் அதையே நடுவாங்க. அறுவடை மொத்தமா வந்ததும் காந்தி மார்க்கெட்டுல விலை சரியும். அப்புறம் நடவு குறையும், விலை மறுபடி ஏறும்.

மெமரி சிப்பிலும் இதே சுழற்சிதான். ஆனா, வெங்காயம் சில மாசத்துல விளையும். புது சிப் ஆலைக்குச் சில வருஷம் ஆகும்.

உலகின் ரேம் சிப்களில் பெரும்பங்கைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். கொரோனா காலத்தில் லேப்டாப் விற்பனை எகிற, சிப்களும் குவிந்தன. 2022-ல் டிமாண்ட் சரிந்தது. 2023-ல் மெமரி தொழிலில் மூன்றுக்குமே நஷ்டம், உற்பத்தியைக் குறைத்தன.

அப்போதுதான் ஏ.ஐ. அலை வந்தது. டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. போன், லேப்டாப்புக்கான சிப்கள் குறைந்து, 2025 இறுதியில் விலை எகிறியது. குஜராத்தின் சானந்தில் மைக்ரான் தொடங்கிய ஆலையும் சிப்களை அசெம்பிள் செய்து டெஸ்ட் பண்ணத்தான்.

அப்போ மருங்காபுரியில போன் வாங்கப்போறவங்க என்ன பண்ணலாம்?

* இப்போ இருக்கிற போன் ஓடுதுன்னா, பேட்டரியை மட்டும் மாத்தி ஓட்டுங்க.
* வாங்கியே ஆகணும்னா, ரேமை முதல்ல பாருங்க. போன்ல அதை அப்புறம் கூட்ட முடியாது.
* ‘எக்ஸ்டெண்டட் ரேம்’ங்கிறது ஸ்டோரேஜ்ல இருந்து எடுத்துக்கிற இடம்தான். நிஜ ரேமோட வேகம் அதுல வராது.

விலை ஒருநாள் இறங்கும். ஆனா, அடுத்த ஆஃபர் சேல்லயே இறங்கிடும்னு நம்பி உடைஞ்ச போனோட காத்திருக்காதீங்க!