மழையை வாங்கும் நிலம்: புதுக்கோட்டைக் காட்சியும் டிஜிட்டல் ஓவியமும்

டிஜிட்டல் நிலக்காட்சியில் மழையை வரவழைப்பது இன்று ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கறுப்பு லேயர் ஒன்றைப் போட்டு, அதில் நாய்ஸ் தூவி, மோஷன் பிளர் கொடுத்து, கலப்பு முறையை ஸ்கிரீனுக்கு மாற்றினால் மழை பெய்துவிடும். போட்டோஷாப்பானாலும் கிரிட்டாவானாலும் வழி ஏறத்தாழ இதுதான். இந்த மழை எந்த ஊர்மேலும் பெய்யும். அதன் வசதியும் குறையும் அதுவே. விழும் கோடுகளைவிட, விழுந்த நீரை வாங்கிக்கொள்ளும் நிலமே மழையை நம்பவைக்கிறது என்பது என் வாதம். மொட்டைப் பாறைக் குன்றும் செம்மண் பொட்டலும் அடுத்தடுத்துக் கிடக்கும் புதுக்கோட்டை மாவட்டம் இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம்.

முதலில் கோடுகளைப் பார்ப்போம். 2 மி.மீ. விட்டமுள்ள துளி வினாடிக்குச் சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழும். 1/60 வினாடி திறந்திருக்கும் கேமராவில் அது 11 செ.மீ. நீளக் கோடாகப் பதியும். 1/1000 வினாடியில் 6.5 மி.மீ. மட்டுமே. ஆகவே நாம் 'மழைக்கோடு' என்று வரைவது கேமரா ஷட்டரின் வரலாற்றையும் சேர்த்துத்தான். சாய்வும் அப்படியே. வினாடிக்கு 4 மீட்டர் காற்றில் 1 மி.மீ. துளி செங்குத்திலிருந்து சுமார் 45 பாகை சாயும்; 5 மி.மீ. துளி 24 பாகைதான் சாயும். ஒரே மழைக்குள் பல சாய்வுகள் உண்டு. மோஷன் பிளரோ எல்லாத் துளிகளையும் ஒரே கோணத்தில் அணிவகுக்க வைக்கிறது. கண்ணுக்கு ஏதோ பொய்யாகப் படுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்க், நாயர் இருவரும் 2004 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இன்னொன்றையும் தெளிவாக்கின. ஒரு துளி ஏறக்குறைய 165 பாகை அகலமான காட்சியை ஒளிவிலக்கித் தனக்குள் அடக்குகிறது. அதில் பெரும்பங்கு வானம். அதனால் துளி தன் பின்னாலுள்ள இருண்ட பொருளைவிட வெளிச்சமாகத் தெரியும். வெளிறிய வானத்தின் முன்னே காணாமல் போகும். சட்டகம் முழுவதும் ஒரே அடர்த்தியில் கோடு இழுப்பவர், இயற்கை ஒளித்துவைத்த மழையையும் சேர்த்து வரைகிறார்.

நிலத்துக்கு வருவோம். ஈரம் பட்ட மண் கறுப்பதற்கான விளக்கத்தை இயற்பியலாளர் ஆங்ஸ்ட்ரோம் 1925-இலேயே முன்வைத்தார்: மண்ணிலிருந்து திரும்பும் ஒளியின் ஒரு பகுதி நீர்ப்படலத்தின் மேற்பரப்பில் முழு அகப்பிரதிபலிப்புக்கு உட்பட்டு மீண்டும் மண்ணுக்கே போகிறது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விழுங்கப்படுகிறது. நுண்துளை மிகுந்த செம்மண்ணும் செம்புறாங்கல்லும் இப்படி ஆழ்ந்து கறுக்கும். நார்த்தாமலைப் பாறை போன்ற இறுகிய கல்லில் கதை வேறு. நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலே படலமாக ஓடுகிறது. நேராகப் பார்த்தால் அந்தப் படலம் ஒளியில் 2 விழுக்காட்டளவே திருப்பும், சாய்ந்த பார்வையில் வானத்தையே காட்டும். ஒரே மழையில் பொட்டல் இருள்கிறது, பாறைச் சரிவு மினுங்குகிறது. படம் முழுவதையும் ஒரே நீலச் சாம்பலுக்கு இறக்கிவிடும் வண்ணத் திருத்தம் அழிப்பது இந்த முரணைத்தான். புதுக்கோட்டையின் மழைக்கு முகம் கொடுப்பதும் அதுவே.

நீரைக் காட்ட நீரை வரைய வேண்டியதில்லை என்பதற்கு இம்மாவட்டத்திலேயே பழைய சான்று இருக்கிறது. சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதான ஓவியங்கள் ஒருகாலத்தில் முதலாம் மகேந்திரவர்மனோடு இணைத்துப் பேசப்பட்டன. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் செய்த திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டு கிடைத்தபின் அக்கருத்து மாறியது. விதானத்தில் இருப்பது, தீர்த்தங்கரர் அறமுரைக்கும் அவையான சமணச் சமவசரணத்தின் தாமரைப் பொய்கை. இலையும் மலரும் மொட்டும் பரப்பை நிறைக்கின்றன. இடையிடையே மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். நீரின் பளபளப்பையோ அதன்மேல் விழும் நிழலையோ நம்பி அந்த ஓவியன் வேலை செய்யவில்லை. நீரில் வாழ்வனவற்றை வைத்தே அது பொய்கை என்று நம்மை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டான். (அப்பொய்கைக்குச் சமயப் பொருள் வேறு; நான் இங்கே அவனுடைய கைத்திறனை மட்டும் பேசுகிறேன்.)

மறுப்பும் உண்டு. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857-இல் பாலத்தின்மேல் பொழியும் திடீர் மழையை மெல்லிய கருங்கோடுகளாலேயே அச்சிட்டார். வான்கோ 1887-இல் அதைப் பார்த்துத் தைலவண்ணத்தில் வரைந்தார். கோடுகளே அங்கு மழையாகவில்லையா? ஆயின, ஆனால் தனியாக அல்ல. பாலத்தில் குனிந்து விரையும் மனிதர்களையும் மங்கிய மறுகரையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கோடிட்ட தாள். தவிரவும் ஹிரோஷிகேயின் கருங்கோடு ஒரு மரபுக் குறி. ஒளியியல் உண்மையாக இருப்பதாக அது சொல்லிக்கொள்வதில்லை. மெய்போலத் தோன்ற விரும்பும் டிஜிட்டல் ஓவியருக்கு அந்தச் சலுகை கிடையாது.

தொலைவைப் பொறுத்தும் மழை மாறுகிறது. மிக அருகில் அது தரையில் தெறிப்பு. சற்றுத் தள்ளிக் கோடு. இன்னும் தொலைவில் துளிகள் தனித்தனியே தெரியாமல் மூட்டமாகச் சேர்ந்துவிடும். தட்டையான புதுக்கோட்டைச் சமவெளியில், நாம் நிற்கும் இடம் காய்ந்திருக்க, தொலைவில் மழை இறங்குவதைச் சாம்பல் திரையாகக் காணலாம். அந்தத் திரைக்குக் கோடு தேவையில்லை. விளிம்பு மங்கிய ஒரு சாய்வு நிறமாற்றம் போதும். மழை விட்டபிறகும் காட்சி முடிவதில்லை. வரத்து வாய்க்கால் வழியே செம்மண் கலங்கிய நீர் கண்மாய்க்கு வந்து சேர நேரமாகும். வெளுத்த வானத்தின்கீழ் கவிநாடு கண்மாயின் மடையோரம் காவி நிறத் தண்ணீர் ஏறி நிற்பதை ஒருவர் வரைந்தால், ஒரு துளிகூட விழாத அந்தப் படம் ஐப்பசி மழையைக் காட்டிவிடும்.

கோடுகளை அறவே விலக்கச் சொல்லவில்லை. நிலம், கல், தொலைவு எல்லாம் ஈரமான பின், கடைசி வேலையாக அவை வரட்டும்: புளியமர நிழலின் முன், குடைவரையின் இருண்ட வாசலுக்கு முன், நனைந்து கறுத்த செம்புறாங்கல்லின் முன். வானத்தின் பரப்பில் விழுந்த கோடுகளை லேயர் மாஸ்க் போட்டு அழித்துவிடலாம்.