மலை முகட்டிலிருந்து மறைகுறிக்கு: பொயிண்ட் குக் கண்ட ஒளிபரப்பு

மெல்பேர்ண் நகரின் தென்மேற்கே, போர்ட் பிலிப் விரிகுடாவை ஒட்டிய சமவெளியில் அமைந்த பொயிண்ட் குக், அவுஸ்திரேலிய இராணுவ விமானம் 1914 மார்ச் 1ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த இடமென்று பெயர்பெற்றது. விமானத் தளத்தைச் சூழ்ந்திருந்த நிலங்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து குடியிருப்புகளாக மாறின. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது 66,000க்கும் மேற்பட்டோர் வாழும் புறநகராக அது வளர்ந்திருந்தது, அவர்களுள் தென்னாசியாவிலிருந்து வந்தோர் பெருந்தொகையினர். எம்மொழி நிகழ்ச்சி எவ்வீட்டை எட்டலாம் என்பதைத் தீர்மானிக்கும் இடம் காலந்தோறும் மாறிவந்ததை இவ்வூர்க் கூரைகளிலுள்ள அலைவாங்கிகளைக்கொண்டே அறியலாம்.

அவ்வாறு தீர்மானிக்கும் இடம் முதலில் ஒரு மலைமுகடாக இருந்தது. 1956இல் மெல்பேர்ணில் தொலைக்காட்சி தொடங்கியபோது, நகரின் கிழக்கே 633 மீற்றர் உயர்ந்து நிற்கும் டண்டினோங் மலையில் ஒளிபரப்புக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் உயரமான இடம் இன்றியமையாததாயிற்று. ஆனால் ஒதுக்கத்தக்க அலைவரிசைகள் சிலவே என்பதால் சிறுபான்மையினரின் மொழிகளுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. அக்குறையை நீக்கும் முதல் முயற்சி 1979இல், அரச ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசியின் அலைவரிசைகளில் பன்மொழி நிகழ்ச்சிகளின் பரீட்சார்த்த ஒளிபரப்பாக, அதாவது முறையான தொடக்கத்துக்கு முன் நடத்தப்படும் வெள்ளோட்டமாக, அமைந்தது. அதன் தொடர்ச்சியாகவே 1980 ஒக்டோபர் 24இல் பன்மொழிப் பொது ஒளிபரப்பான எஸ்பிஎஸ் தொலைக்காட்சி பிறந்தது.

1985 ஓகஸ்டில் டிஸ்கவரி விண்ணோடம் ஏந்திச்சென்ற ஓசாட் ஏ1 என்னும் செய்மதி, மலைமுகட்டின் தனியுரிமையைத் தளர்த்தியது. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் இத்தகைய செய்மதி, தரையிலிருந்து அனுப்பப்படும் அலைகளை வாங்கி, அதிர்வெண்ணை மாற்றி, வலுவூட்டி, கண்டம் முழுவதும் திருப்பி அனுப்புகிறது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் தென்வானை நோக்கும் டிஷ், மெல்பேர்ணில் வடவானை நோக்குவது, செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பதனாலேயே. பின்னர் எண்முறைச் சுருக்கம் ஓர் அலைப்பாதையிலேயே பல அலைவரிசைகளை அடக்கிச் செலவைக் குறைத்தமையால், 2007இல் ஏவப்பட்ட ஒப்டஸ் டி2 போன்ற செய்மதிகள் ஆங்கிலமல்லாத மொழிகளின் அலைவரிசைகள் பலவற்றையும் சுமந்தன.

எனினும் வாயில் முற்றாகத் திறந்துவிடவில்லை. அது வீட்டிலுள்ள செய்மதி அலைவாங்கிப் பெட்டிக்குள் இடம்மாறியது. கட்டண அலைவரிசையின் அலைகள் சந்தா செலுத்தாதவர் கூரையிலும் விழுகின்றன, ஆயினும் அவை மறைகுறியாக்கப்பட்டு, பெட்டியில் செருகிய அட்டைக்கு உரிமை இருந்தால் மட்டுமே படமாக விரிகின்றன. சந்தா செலுத்தாதவருக்கும் சில நாட்கள் காட்டும் இலவச முன்னோட்டத்தின்போது நிறுவனம் புதிதாக எதையும் வானேற்றுவதில்லை. குறித்த நாட்களுக்கு மட்டும் செல்லும் உரிமையை அதே அலைகளினூடே அட்டைகளுக்கு அனுப்புகிறது, அல்லது மறைகுறியைத் தற்காலிகமாக நீக்குகிறது.

1979இன் வெள்ளோட்டம் ஒரு பொதுத் தொலைக்காட்சியின் பிறப்புக்கு வழிகோலியது. கட்டணச் செய்மதியின் முன்னோட்டமோ சந்தாதாரரைத் தேடுகிறது, போதிய சந்தா சேராவிடின் அலைவரிசை நிலைப்பதில்லை. கருவிகள் மலிவதால் மட்டும் புலம்பெயர்ந்த சிறு சமூகத்தின் மொழிக்குத் திரையில் நிலையான இடம் கிடைத்துவிடாது என்பதால், இணையவழி ஒளிபரப்பு பரவிவிட்ட இக்காலத்திலும் பொது ஒளிபரப்பின் தேவை குன்றவில்லை.