மிழாவு அடித்தவர் பிறந்த வீடு

எங்களை மாதிரி வெளிநாட்டில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு வருஷத்தில் நாலு வாரம்தான் ஊர். அதில் கல்யாணம், காதுகுத்து, பத்திர ஆபீஸ், பல் டாக்டர் எல்லாம் போக மிஞ்சுவது நாலைந்து நாள். பாலக்காட்டுக்காரர்கள் அந்த நாட்களில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவார்கள் என்று கேட்கவே வேண்டாம். மலம்புழை டேம், பாலக்காடு கோட்டை, இன்னும் இரண்டு நாள் இருந்தால் மூணாறு. இந்த லிஸ்டில் ஒரு சின்ன வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

பாலக்காட்டிலிருந்து ஒற்றப்பாலம் போகும் வழியில் லக்கிடி. அங்கே பாரதப்புழைக்குப் பக்கத்தில் கிள்ளிக்குறிச்சிமங்கலம் என்ற கிராமம். அங்குள்ள கலக்கத்து வீட்டில்தான் 1705-ல் குஞ்சன் நம்பியார் பிறந்தார் என்று சொல்கிறார்கள். துள்ளல் என்ற ஆட்டத்தை உண்டாக்கியவர். மலையாளிகளுக்கு அவர் பெயரைச் சொன்னாலே சிரிப்பு வரும். நம்ம ஆட்களில் பல பேருக்கு அவர் யார் என்றே தெரியாது. வீட்டைக் கேரள அரசு நினைவகமாக வைத்திருக்கிறது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அரண்மனை மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஓட்டுக்கூரை, மரச் சட்டம், சின்னச் சின்ன அறைகள், அவ்வளவுதான். உள்ளே நுழைந்த இரண்டாவது நிமிஷமே என் பையன், "அப்பா, இங்க ஒண்ணுமே இல்லையே" என்றான். எட்டு வயசு. அவன் சொன்னது சரிதான். நம்பியார் உட்கார்ந்த நாற்காலியோ, எழுதிய மேஜையோ இருந்தால் காட்டலாம். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கவிஞருக்கு அதெல்லாம் எங்கே போவது? இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்டப் பொருள் கிடையாது, சொல்லக் கதைதான் உண்டு. நான் சொன்ன கதை இதுதான்.

நம்பியார் என்பது சாதிப் பெயர். கோயில் கூத்தில் மிழாவு கொட்டுவது அவர்கள் குலத்தொழில். மிழாவு என்றால் பெரிய செப்புக்குடம், வாயில் தோல் கட்டியிருக்கும். நம்ம முழவு என்ற சொல்லுக்குச் சொந்தக்காரன். கூத்து ஆடுவது சாக்கியார். இந்தச் சாக்கியாரும் நமக்கு அந்நியர் இல்லை. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் முன்னால் கொட்டிச்சேதம் ஆடுகிறவன் பறையூர்க் கூத்தச் சாக்கையன். சாக்கைக் கூத்து ஆடுகிறவர்களுக்கு நிலம் விட்ட செய்தி சோழர் கல்வெட்டிலும் உண்டு. தமிழ்நாட்டில் மறைந்துபோனது கேரளத்துக் கோயில்களில் தங்கிவிட்டது.

கூத்தில் சாக்கியார் வடமொழி சுலோகத்தைச் சொல்லி, மலையாளத்தில் அர்த்தம் விரித்து, முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களையும் கிண்டல் செய்வார். ராஜாவாகவே இருந்தாலும் எதிர்த்துப் பேசக்கூடாது. மிழாவுக்காரர் வாயே திறக்கக்கூடாது, கொட்டினால் போதும். குஞ்சன் நம்பியார் செம்பகச்சேரி ராஜாவின் அம்பலப்புழையில் மிழாவு கொட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் கூத்து நடுவில் கண் அசந்துவிட்டார். சாக்கியார் விடுவாரா? சபை நடுவே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அவமானப்பட்ட நம்பியார் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து 'கல்யாணசௌகந்திகம்' எழுதி, மறுநாள் சாக்கியார் கூத்து நடக்கும் அதே நேரத்தில் பக்கத்திலேயே வேஷம் கட்டி ஆட, கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

இது கர்ணபரம்பரைக் கதை. ஒரே ராத்திரியில் ஒரு கலை பிறக்காது. படயணி, கோலம் துள்ளல் மாதிரி ஊர் ஆட்டங்கள் அதற்கு முன்பே இருந்தன. அவற்றிலிருந்து எடுத்துத்தான் நம்பியார் தன் துள்ளலைக் கட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஆனாலும் கதை ஒரு உண்மையைப் பிடித்து வைத்திருக்கிறது. வாய் திறக்கக்கூடாது என்று உட்கார வைக்கப்பட்டவன் வாய் திறந்தான், அதுவும் எல்லோருக்கும் புரிகிற பேச்சில்.

கல்யாணசௌகந்திகம் கதை பிள்ளைகளுக்கு அப்படியே பிடித்துவிடும். திரௌபதிக்குப் பூப் பறிக்கப் போகிற பீமனின் வழியில் ஒரு கிழட்டுக் குரங்கு வாலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. பீமனால் அந்த வாலை அசைக்கக்கூட முடியவில்லை. அது அண்ணன் அனுமான். புராணம் என்னவோ பழசுதான். ஆனால் நம்பியார் எழுதினால் தேவலோகத்தில் கூட நாயர் படைவீரர்களும் நம்பூதிரிகளும் நடமாடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய பட்டர்களையும் விடவில்லை, சாப்பாட்டு விஷயத்தில் நன்றாகவே வாரியிருக்கிறார். பாலக்காட்டுத் தமிழர்கள் படித்தால் கோபம் வராது, சிரிப்புத்தான் வரும். :-)

துள்ளலில் மூன்று வகை. பறையன், சீதங்கன், ஓட்டன். முறையே காலை, மதியம், மாலையில் ஆட வேண்டும் என்பது வழக்கம். முதல் இரண்டுக்கும் பறையர், புலையர் மக்களின் ஆட்டங்களோடு உறவு உண்டு என்கிறார்கள். சீதங்கனுக்குக் குருத்தோலை அலங்காரம். ஓட்டனுக்கு முகத்தில் பச்சை. ஆடுகிறவர் ஒருவரே, பாடுவதும் அவரே. கூடப் பாட ஒரு ஆள், மத்தளம், தாளம் இருந்தால் போதும். கதகளி மாதிரி பெரிய பரிவாரம் தேவையில்லை.

இப்போது கொஞ்சம் வருஷக் கணக்கு. 1746-ல் மார்த்தாண்ட வர்மா அம்பலப்புழையைத் திருவிதாங்கூரோடு சேர்த்துக்கொண்டார். ஆதரித்த ராஜா போனதும் நம்பியார் திருவனந்தபுரம் போனார். அங்கே மார்த்தாண்ட வர்மா, பிறகு தர்மராஜா. வயதான காலத்தில் அம்பலப்புழைக்கே திரும்பி 1770-ல் இறந்தார். அதற்குள் 1766-ல் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை கட்டத் தொடங்கிவிட்டார். பிறந்த ஊர்ப்பக்கம் ஒரு ஆட்சி, வேலை பார்த்த இடத்தில் வேறு ஆட்சி. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர் கதை எங்களுக்குப் புதுசா என்ன! இன்னொரு வேடிக்கை, இந்த வீடு இருக்கிற வள்ளுவநாடு 1956 நவம்பர் 1 வரைக்கும் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது.

பெண்ணுக்குப் பன்னிரண்டு வயசு. வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுவாள். அவள் கேட்டாள், "அவருக்கு சம்ஸ்கிருதம் தெரியுமாப்பா? அப்புறம் ஏன் அதுல எழுதல?" நல்ல கேள்வி. இதே ஊரில் ராமபாணிவாதர் என்று வடமொழியிலும் பிராகிருதத்திலும் எழுதிய ஒரு புலவர் இருந்தார். அவரும் நம்பியாரும் ஒருவரே என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று இன்னொரு கட்சி. எப்படி இருந்தாலும் நம்பியாருக்கு வடமொழி தெரியும். படை சேவகர்கள் மாதிரி சாதாரண ஜனங்கள் கேட்கிற கதைக்கு அவர்கள் பாஷைதான் வேண்டும் என்று அவரே பாட்டில் சொல்லியிருக்கிறார். பெரிய இடத்து பாஷை கையில் இருந்தும் வீட்டு பாஷையில் எழுதினார், அதனால்தான் இன்னும் நினைவில் இருக்கிறார் என்று பெண்ணிடம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. எனக்குத்தான் அந்தப் பதில் கொஞ்சம் உறைத்தது. தமிழ்ப் பாடத்தை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுகிற வீடு ஒன்றா இரண்டா?

நான் பி.காம். படித்தவன், எதையும் பேலன்ஸ் ஷீட்டாகத்தான் பார்க்க வரும். வீடு ஃபிக்சட் அசெட். ஓடு மாற்றினாலும் கரையான் மருந்து அடித்தாலும் தேய்மானம் உண்டு. துள்ளல்தான் குட்வில். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது போய்விட்டால் வீடு வெறும் ஓடும் மரமும்தான். நல்லவேளை, நினைவகத்தில் துள்ளல் கற்றுக்கொடுக்கிறார்கள். வள்ளத்தோள் முன்னின்று 1930-ல் தொடங்கிய, இப்போது செறுதுருத்தியில் இருக்கிற கலாமண்டலத்திலும் துள்ளல் உண்டு. அங்கே படித்து அங்கேயே ஆசிரியராக இருந்த கலாமண்டலம் கீதானந்தன் 2018 ஜனவரி 28 அன்று திருச்சூர் மாவட்டம் அவிட்டத்தூர் கோயிலில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் சரிந்து இறந்துபோனார். இருநூற்றைம்பது வருஷம் கழித்தும் ஒரு மனிதர் கடைசி மூச்சு வரை ஆடுகிற ஆட்டத்தை அந்த மிழாவுக்காரர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

போகிறவர்களுக்கு இரண்டு யோசனை. முடிந்தால் மே 5-ஐ ஒட்டிப் போங்கள், அது குஞ்சன் தினம். போவதற்கு முந்தின ராத்திரி யூட்யூபில் ஒரு ஓட்டன் துள்ளல் பத்து நிமிஷம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். வார்த்தை பாதிதான் புரியும், தாளம் முழுக்கப் புரியும். பிறகு அம்பலப்புழைப் பக்கம் போனால் கோயிலில் அவர் கொட்டியதாகச் சொல்லும் மிழாவு இருக்கிறது, அதையும் காட்டிவிடுங்கள். வீட்டில் கேட்ட கதைக்கு அங்கே ஒரு பொருளாவது கிடைக்கும்.