பகல் நாடகம் தந்த பயிற்சி



டத்தோ கிராமாட்டில் என் அண்டை வீட்டுப் பாட்டி, தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்தவர். பிற்பகலில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கினால் இடத்தைவிட்டு எழமாட்டார். ஒரு நாள் பேத்தி, "நானும் நடிகையாவேன்" என்றாள். "தொடரில் அழுது யார் பெரிய ஆளானது?" என்று கேட்டார் பாட்டி. அதற்கு வரலாறு விடை சொல்கிறது.

1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வானொலி, வீட்டிலிருக்கும் பெண்களுக்காகப் பகலில் தொடர் நாடகங்களை ஒலிபரப்பியது. சவர்க்காரக் கம்பெனிகள் செலவை ஏற்றதால் 'சவர்க்கார நாடகம்' என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. 1937இல் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைட்' 1952இல் தொலைக்காட்சிக்கும் வந்து, 2009 வரை நீடித்தது.

அத்தகைய இன்னொரு பகல் தொடரில் 1980ஆம் ஆண்டுகளில் இரண்டு சகோதரிகளாக இரட்டை வேடம் ஏற்றவர் ஜூலியன் மூர். அதற்காக 1988இல் எம்மி விருது பெற்றார். பின்னர் திரைப்படத்துக்குச் சென்று, 2015இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதையும் வென்றார்.

தமிழரும் இவ்வழியில் வந்துள்ளனர். இந்தித் தொடர்களில் நடித்த மாதவன், 2000இல் 'அலைபாயுதே' படத்தில் நாயகனானார். 'பெண்' தொடரில் நடித்த விஜய் சேதுபதி, 2010இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் நாயகனானார். 'தெய்வமகள்' தொடரால் வீடுதோறும் அறிமுகமான வாணி போஜன், 2020இல் 'ஓ மை கடவுளே' படத்தில் நடித்தார்.

முன்பு சிவாஜி கணேசனுக்கு நாடகமேடை பள்ளியாயிற்று. 1952இல் 'பராசக்தி' வருமுன் அவர் மேடையில் பல ஆண்டுகள் பழகியிருந்தார். பிற்காலத்தவருக்குச் சின்னத்திரையும் அத்தகைய பள்ளியானது. தொடரில் நாள்தோறும் புதிய வசனம். மனப்பாடம் செய்ய நேரம் குறைவு. ஒரே காட்சியைப் பலமுறை எடுக்கவும் வழியில்லை. ஆகவே நினைவாற்றலும் முகபாவமும் விரைவில் பண்படுகின்றன.

ஆயினும், தொடரில் நடித்த எல்லோருக்கும் வெள்ளித்திரை கிடைப்பதில்லை. பலர் சின்னத்திரையிலேயே உழைத்துப் பிழைக்கின்றனர். அதுவும் மதிப்புள்ள தொழில்தான். பிள்ளைகளிடம் இதை மறைக்கக்கூடாது.

இவற்றையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். சற்று நேரம் யோசித்தவர், "கத்தி பிடித்த முதல் நாளே மரத்தைக் காயப்படுத்தாமல் பால்வெட்ட வருமா, வாத்தியாரே? தினமும் வெட்டித்தானே கை பழகியது" என்றார். பிறகு பேத்தியை அழைத்து, "முதலில் பள்ளிக்கூட விழாவில் நடி, படிப்பை மட்டும் விட்டுவிடாதே" என்றார்.