என்ஜின் இல்லாமல் வரும் 'புது' கார்! கோப்ரா ரெப்ளிகாவை டெலிவரி எடுத்த பிறகு நடப்பது என்ன?

2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டரே நகரில் நடந்த ஏலத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் 1 கோடியே 37.5 லட்சம் டாலருக்கு விலை போனது. அன்றைய மதிப்பில் 90 கோடி ரூபாய்க்கு மேல். அதுதான் முதல் ஷெல்பி கோப்ரா. சேசிஸ் நம்பர் சிஎஸ்எக்ஸ் 2000.

இந்த விலைக்கு ஒரு காரை யார் வாங்க முடியும்? அதனால்தான் அதே உருவத்தில், அதே சத்தத்தில் 'ரெப்ளிகா' என்ற பெயரில் ஒரு தனி கார் உலகமே ஓடிக்கொண்டிருக்கிறது. 1960-களில் தயாரான அசல் கோப்ராக்கள் சுமார் ஆயிரம்தான். இன்று சாலையில் கண்ணில் படும் கோப்ராக்களில் பெரும்பாலானவை பிறகு செய்யப்பட்ட நகல்கள்.

நகல் என்றால் ஷோரூமுக்குப் போய் சாவி வாங்கி ஓட்டிவரும் விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். கார் வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது.

முதலில், கோப்ரா என்றால் என்ன?

'ஃபோர்டு வி ஃபெராரி' படம் பார்த்தவர்களுக்கு கரோல் ஷெல்பியைத் தெரிந்திருக்கும். மேட் டேமன் நடித்த பாத்திரம். 1959-ல் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற ஷெல்பி, இதயக் கோளாறு காரணமாக அதற்கு அடுத்த ஆண்டோடு ரேஸை விட்டவர். பிறகு ஸ்டீயரிங் பிடிக்க முடியாத மனிதர் கார் செய்யப் புறப்பட்டார்.

இங்கிலாந்தின் ஏசி கார்ஸ் நிறுவனத்திடம் 'ஏஸ்' என்ற லேசான, அழகான கார் இருந்தது. ஆனால் அதற்குத் தகுந்த என்ஜின் கிடைப்பது நின்றுபோனது. அமெரிக்காவில் ஃபோர்டிடம் புதிய வி8 என்ஜின் இருந்தது. ஆனால் அதைப் போட ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. 1961-ல் இரண்டு பக்கமும் பேசி முடிச்சுப் போட்டார் ஷெல்பி. 1962 தொடக்கத்தில் என்ஜின் இல்லாத ஏசி பாடி ஒன்று கலிஃபோர்னியாவில் வந்து இறங்கியது. உள்ளூர் பட்டறை ஒன்றில் ஃபோர்டு என்ஜினை அதில் இறக்கினார்கள்.

அதாவது, அசல் கோப்ராவே என்ஜின் இல்லாமல்தான் வந்து சேர்ந்தது! கையில் ஒரே ஒரு கார்தான் இருந்தது என்பதால், ஒவ்வொரு பத்திரிகைக்கும் வேறு வேறு கலர் அடித்துக் கொடுத்து, நிறைய கார்கள் இருப்பது போலக் காட்டினார் ஷெல்பி என்ற கதையும் பிரபலம். வியாபார மூளை!

ரெப்ளிகா ஏன் என்ஜின் இல்லாமல் வருகிறது?

இதற்குக் காரணம் சட்டம். அமெரிக்காவில் முழுமையான காரை விற்கும் நிறுவனம் மோதல் சோதனை, ஏர்பேக், புகை அளவு என்று அத்தனை விதிகளையும் நிறைவேற்ற வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு கார்கள் செய்யும் சிறு நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் என்ஜினும் கியர்பாக்ஸும் இல்லாமல் மீதி எல்லாவற்றையும் விற்கிறார்கள். இதை 'ரோலிங் சேசிஸ்' என்பார்கள். பெயின்ட், சீட், வயரிங், பிரேக், சக்கரம் எல்லாம் இருக்கும். பானெட்டைத் திறந்தால் காலி இடம்.

சூப்பர்ஃபார்மன்ஸ் நிறுவனத்தின் கோப்ராக்கள் இந்த வகை. தயாராவது தென்னாப்பிரிக்காவில், பெரும்பாலும் விற்பனையாவது அமெரிக்காவில். ஷெல்பி தரப்பிடம் உரிமமும் பெற்ற நிறுவனம் இது. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபேக்டரி ஃபைவ் இன்னொரு ரகம். அவர்களிடம் வாங்கினால் பெட்டி பெட்டியாக உதிரிபாகம் வரும், காரை நாமேதான் கட்ட வேண்டும்.

ஆண்டுக்கு 325 வரை முழு ரெப்ளிகா கார்களைச் சிறு நிறுவனங்கள் விற்கலாம் என்று 2015-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அதற்கான விதிமுறைகள் நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் இழுத்தடித்தன. என்ஜினைத் தனியாக வாங்கி, பட்டறையில் கொடுத்துப் பொருத்தும் பழைய வழி இன்றும் ஓடுகிறது.

டெலிவரி நாளில் என்ன பார்க்க வேண்டும்?

மூடிய டிரக்கில் கார் வரும். டிரைவர் ஒரு ரசீதை நீட்டுவார். காரைப் பார்த்த சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. வழியில் ஏற்பட்ட சேதத்தை அந்த ரசீதிலேயே எழுதவில்லை என்றால், பின்னால் இழப்பீடு கேட்பது பெரும்பாடு. வெளிச்சத்தில் நிறுத்தி, சுற்றிவந்து போட்டோ எடுத்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும்.

பெரும்பாலான ரெப்ளிகாக்களின் பாடி ஃபைபர் கிளாஸ். இரும்பு போல நசுங்காது, விரிசல் விடும். கதவு ஓரம், பானெட் மூலைகள், போல்ட் இறங்கும் இடங்களில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறக்கும்போதும் கவனம் தேவை. கார் மிகவும் தாழ்வு. சைலன்சர் குழாய் கதவுக்குக் கீழே, வெளிப்பக்கமாக ஓடும். சரிவுப் பலகை செங்குத்தாக இருந்தால் அது உரசிவிடும். கூடுதலாக இரண்டு மரப்பலகை வைத்திருப்பது நல்லது.

அதைவிட முக்கியம் பேப்பர். காரில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பரும் ஆவணத்தில் உள்ள நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். செகண்ட் ஹேண்ட் ரெப்ளிகா என்றால் இன்னும் உஷார். 2005-ல் கட்டிய காரை '1965 மாடல்' என்று பதிவு செய்து வைத்திருப்பார்கள். சில மாநிலங்களில் உருவத்தை வைத்து அப்படிப் பதிய சட்டமே இடம் தருகிறது. இன்னொரு மாநிலத்தில் அதே விஷயம் தவறான பதிவாகி, வாங்கியவர் தலையில் விழும். கார் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, பேப்பர் சரியில்லை என்றால் அது வீட்டு வாசலில் நிற்கும் பொம்மைதான்.

பதிவு செய்வது எப்படி?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிஃபோர்னியாவில் இப்படிக் கட்டிய கார்களுக்குப் புகை விதியில் சலுகை உண்டு, ஆனால் ஆண்டுக்கு 500 கார்களுக்கு மட்டும். முதலில் வருபவருக்கு முதலில். அதனால் புத்தாண்டு பிறந்ததும் முதல் வேலையாக அதற்கு விண்ணப்பிப்பவர்கள் நிறைய பேர்.

பிரிட்டனில் ஒவ்வொரு காரும் தனித்தனியாக 'ஐவிஏ' என்ற பரிசோதனையில் பாஸ் ஆக வேண்டும். பிரேக், விளக்கு, புகை, சத்தம் மட்டுமல்ல. உடம்பில் குத்தும் கூர்மையான விளிம்பு எங்காவது இருந்தாலும் ஃபெயில். டாஷ்போர்டு சுவிட்ச் வரை பார்ப்பார்கள். எந்த ஆண்டின் பாகங்கள் என்று நிரூபிக்க முடியாத கலவைக் கார்களுக்கு 'க்யூ' என்று தொடங்கும் நம்பர் பிளேட் கொடுப்பார்கள். உரிமையாளர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும், மறுவிற்பனை விலையும் அடிபடும்.

'ஸார்ட்டிங்' என்றால் என்ன?

பால் காய்ச்சிக் குடிபோன பிறகுதானே புது வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தெரியும்? அதே கதைதான். புதிதாகக் கட்டிய காரின் முதல் சில நூறு கிலோமீட்டர், பழுதுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யவே செலவாகும். கம்பெனி கார்களில் இந்த வேலையை நூற்றுக்கணக்கான இன்ஜினியர்கள் பல ஆண்டு செய்து முடித்திருப்பார்கள். ரெப்ளிகாவில் அதைச் செய்வது உரிமையாளரும் அவருடைய மெக்கானிக்கும்தான்.

முதல் விஷயம் சக்கரம். அசல் பாணி கோப்ரா வீலில் நான்கைந்து நட்டுக்குப் பதில், நடுவில் இறக்கை வைத்த ஒற்றை நட்டுதான். அதைச் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். வண்டியின் இடது பக்கமும் வலது பக்கமும் மரை எதிரெதிர் திசையில் இருக்கும். பாகம் இடம் மாறிவிட்டால் ஓட ஓட நட்டு கழன்றுகொண்டே வரும்! முதல் ஓட்டம் முடிந்ததும் நிறுத்தி மறுபடி இறுக்கியே ஆக வேண்டும். ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் போல்ட்களுக்கும் இதே விதி. இறுக்கிய போல்ட்டின் மேல் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று பார்த்ததும் தெரியும். சின்ன வித்தை, ஆனால் உயிர் காக்கும் வித்தை.

டயரைப் பார்த்து ஏமாறுபவர்களும் அதிகம். ஷெட்டிலேயே நின்ற காரில் டயர் தேயாமல் புதுசு போல இருக்கும். ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. இந்த விஷயம் நம்ம ஊர் கார், பைக் டயருக்கும் பொருந்தும், இன்றே பார்த்துக்கொள்ளலாம்.

பிரேக்கில் ஏபிஎஸ் கிடையாது. பல கார்களில் பெடலை லேசாக்கும் பூஸ்டர்கூட இல்லை. முன் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக், பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்பதை நாமே செட் செய்ய வேண்டும். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் கார் அப்படியே சுற்றிவிடும். ஆளில்லாத காலி ரோட்டில் குறைந்த வேகத்தில் பலமுறை சோதித்துப் பார்ப்பதுதான் வழி. வீல் அலைன்மென்ட் செய்யும்போது டிரைவர் சீட்டில் அவருடைய எடைக்கு மூட்டை வைப்பவர்களும் உண்டு. கார் இலகுவானது என்பதால் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தாலே அளவுகள் மாறும்.

வயரிங்கில் ஒரு வேடிக்கை. சாதாரணக் காரில் இரும்பு பாடியே எர்த். ஃபைபர் கிளாஸில் மின்சாரம் பாயாது. எனவே ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்குகிறது, ஹெட்லைட் மங்குகிறது என்றால் முக்கால்வாசி நேரம் பிரச்சினை எர்த்தில்தான் இருக்கும். பேட்டரியையும் பல்பையும் மாற்றிப் பணத்தைக் கரைப்பதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சூடு. சின்ன பானெட்டுக்குள் பெரிய வி8. டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறும். ரேடியேட்டர் குழாய்களில் காற்று அடைத்திருந்தால் இன்னும் மோசம். அந்தக் காற்றை வெளியேற்றி, கூலண்ட் நிரப்பி, ஃபேன் சரியான நேரத்தில் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கால் வைக்கும் இடமும் கொதிக்கும். காரிலிருந்து இறங்கும்போது பக்கவாட்டு சைலன்சரில் கெண்டைக்கால் பட்டால் தழும்புதான். கோப்ரா உரிமையாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர், 'பாம்புக்கடி'!

ஓட்டும்போது என்ன ஆபத்து?

நம்ம ஊர் ஸ்விஃப்ட்டில் சுமார் 80 குதிரைத்திறன், எடை 900 கிலோ சொச்சம். கோப்ரா ரெப்ளிகாவின் எடை அதைவிடச் சற்றுத்தான் கூடுதல். ஆனால் என்ஜின் 400, 450 குதிரைத்திறன். ஏர்பேக் இல்லை, சக்கரம் வழுக்கினால் என்ஜினை அடக்கும் எலெக்ட்ரானிக்ஸ் இல்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 90 அங்குலம்தான். வழுக்க ஆரம்பித்தால் சுதாரிக்க நேரம் கிடைக்காது. குளிர்ந்த டயர், ஈரமான சாலை, நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று ஆக்ஸிலரேட்டரில் ஓர் அழுத்து. விபத்து நடக்க இந்த மூன்றும் போதும். ஸார்ட்டிங் முடியும் வரை யாரையும் பக்கத்தில் ஏற்றாமல் இருப்பதே சரி.

இந்தியாவில் இப்படி ஒரு கார் கட்ட முடியுமா?

ஆசைக்குத் தடையில்லை, சாலைக்குத்தான் தடை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை, ஆர்சி-யில் உள்ள விவரம் மாறும்படி மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பழைய காரின் சேசிஸில் புது பாடி ஏற்றி கோப்ரா ஆக்கினால் இந்தப் பிரிவில் மாட்டிக்கொள்ள நேரிடும். அடியிலிருந்து புதிதாகக் கட்டுகிறோம் என்றால், மாடலின் முன்மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். சென்னை அருகே ஒரகடத்திலும் அப்படி ஒரு மையம் உண்டு. ஆனால் அந்த நடைமுறை கம்பெனிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரே ஒரு கார் கட்டும் தனிநபருக்கு பிரிட்டனின் ஐவிஏ போன்ற எளிய வழி இங்கே இல்லை.